கடிதம் வேறு, அனுமதி வேறு



கடல் கடந்து தொழில் தேடிச் செல்வோர் தொகை பெருகியுள்ள இக்காலத்தில், பிறநாட்டுக் குடிவரவுச் சட்டங்களைப் பற்றி ஓரளவேனும் அறிந்திருத்தல் சட்ட வல்லுநர்க்கு மட்டும் உரிய காரியமன்று. ஒரு தாளின் பொருளைப் பிழையாக விளங்கிக்கொண்டமையால், பல ஆண்டு முயற்சியும், நகையை ஈடு வைத்துத் திரட்டிய பணமும் விமான நிலையத்து மேசையொன்றின் முன்னே வீணாகிப் போதல் உண்டு. இன்றைய பேச்சிலே அத்தகைய ஒரு நுட்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாட்டிலே தொழில் செய்வதற்கு அங்கீகாரம் பெற்ற ஒருவர், தொழிலைத் தொடங்குவதற்கு முன்னர், அதே நாட்டுக்கு வெறும் விருந்தினராக ஒருமுறை போய்வரலாமா? இதுவே கேள்வி. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆதலின், நம்மவர் பெருந்தொகையினராக வாழும் கனடாவையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

ஓர் இளைஞரை மனக்கண் முன் நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் வவுனியாவைச் சேர்ந்தவர்; வாகனம் பழுதுபார்க்கும் தொழிலைக் கற்றவர். கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்திலே ஒருவர் அவரை வேலைக்கு அமர்த்த முன்வந்தார், விண்ணப்பமும் ஏற்கப்பட்டது. கடவுச்சீட்டிலே வீசா ஒட்டப்பட்டு வந்தது. அதனோடு ஒரு கடிதமும் கிடைத்தது. வேலை தொடங்குவது செப்ரெம்பர் மாதத்தில். ஆனால், ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோப் பகுதியில் வாழும் அவருடைய தமக்கையாரின் மகளுக்கு ஜூன் மாதத்திலே திருமணம். தாய்மாமன் இல்லாமல் மணவறைச் சடங்கு நடப்பதா என்று தமக்கையார் கேட்கிறார். கையிலே வீசாவும் இருக்கிறது, கடிதமும் இருக்கிறது. போனால் என்ன என்று இளைஞரும் எண்ணுகிறார்.

போகலாம் என்பதே விடை. ஆனால், எந்த நிலையில் போகிறோம் என்பதைத் தெளிவாக அறிந்துகொண்டு போகவேண்டும்.

முதலில், அவர் கையிலுள்ள கடிதம் யாது என்று பார்ப்போம். கனடாவுக்கு வெளியேயிருந்து தொழில் அனுமதிக்கு விண்ணப்பித்தவருடைய விண்ணப்பம் ஏற்கப்பட்டதும், குடிவரவு அமைச்சு அவருக்கு ஓர் அறிமுகக் கடிதத்தை அனுப்புகிறது. பலர் இதனையே தொழில் அனுமதிப்பத்திரம் என்று எண்ணிவிடுகின்றனர். அது அவ்வாறன்று. இவருக்கு அனுமதி வழங்கத் தடையில்லை என்று எல்லையில் இருக்கும் உத்தியோகத்தருக்கு அறிவிக்கும் கடிதமே அது. உண்மையான அனுமதிப்பத்திரம், அவர் கனடாவின் நுழைவாயிலை அடைந்து, எல்லைச் சேவை உத்தியோகத்தர் முன்னிலையில் நின்று, வினாக்களுக்கு விடை கூறிய பின்னரே அச்சிட்டுக் கையில் கொடுக்கப்படுகிறது. அந்தக் கணத்திலேதான் அனுமதி உயிர் பெறுகிறது. அதுவரை அவர் தொழில் அனுமதி பெறத் தகுதியுடையவரேயன்றித் தொழில் அனுமதி உடையவர் அல்லர்.

வீசாவும் அத்தன்மையதே. கடவுச்சீட்டில் ஒட்டப்பட்ட வீசா, நுழைவாயில் வரை வந்து உள்ளே செல்லக் கேட்பதற்கு உதவும் சீட்டு. உள்ளே விடுவதா, எந்த நிலையில் விடுவது, எத்தனை காலத்துக்கு விடுவது என்பவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் நுழைவாயிலில் இருக்கும் உத்தியோகத்தருக்கே உண்டு.

விருந்தினர், தொழிலாளர் என்று கனடா இவ்வாறு பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1967 ஆம் ஆண்டில் அந்நாடு குடிவரவுக்குப் புள்ளி முறையைக் கொண்டுவந்தபோது, விருந்தினராக வந்தவர்கள் நாட்டின் உள்ளே இருந்தவாறே நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்க வழிவிட்டது. இதனை அறிந்த பலர், பார்க்க வந்தோம் என்று சொல்லி இறங்கி, உள்ளே சென்றபின் விண்ணப்பித்தனர். விண்ணப்பங்களும் மேன்முறையீடுகளும் மலைபோற் குவிந்தன. 1972 நொவெம்பரில் அந்த வழி அடைக்கப்பட்டது. 1973 ஜனவரி முதல், குடியேறியோர் அல்லாதார் கனடாவில் வேலை செய்வதாயின் அதற்கென முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே உள்ளே சிக்குண்டிருந்தவர்களுக்காக அதே ஆண்டில் அறுபது நாள் தவணை ஒன்று அளிக்கப்பட்டது. அதனால் ஏறக்குறைய 39,000 பேர் தம் நிலையைச் சீர்செய்துகொண்டனர். இன்றுள்ள குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 2002 ஜூன் 28 இல் நடைமுறைக்கு வந்தது. சட்டங்கள் மாறினும் அடிப்படை மாறவில்லை: பார்க்க வருபவர் பார்க்க வருபவராகவும், உழைக்க வருபவர் உழைக்க வருபவராகவும் வாயிலிலேயே இனங்காணப்படவேண்டும்.

இனி, நம் இளைஞர் ஜூன் மாதத்தில் ரொறன்ரோ விமான நிலையத்தில் இறங்குகிறார் என்று கொள்வோம். உத்தியோகத்தர் கேட்கும் முதற் கேள்வி, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பதாகவே இருக்கும். இவ்விடத்தில் இரு பிழைகள் நேரக்கூடும்.

ஒன்று, கூச்சத்தாலோ அவசரத்தாலோ கையிலுள்ள தாள்கள் யாவற்றையும் நீட்டிவிட்டு வாய்மூடி நிற்பது. அறிமுகக் கடிதத்தைக் கண்ட உத்தியோகத்தர், இவர் வேலைக்கே வந்திருக்கிறார் என்று கொண்டு, அனுமதிப்பத்திரத்தை அன்றே அச்சிட்டுக் கொடுத்துவிடக்கூடும். கடிதத்தைக் காட்டாவிட்டாலும், அங்கீகரிக்கப்பட்ட விண்ணப்பம் அவருடைய கணினியில் தென்படும். ஆகவே, “நான் இம்முறை தமக்கையார் மகளின் திருமணத்துக்காக விருந்தினராக வந்திருக்கிறேன், இன்ன திகதியில் திரும்பிச் செல்வேன், தொழில் அனுமதியைச் செப்ரெம்பரில் வரும்போது பெற்றுக்கொள்வேன்” என்று தாமாகவே தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். திரும்பிச் செல்லும் விமானச் சீட்டும், திருமண அழைப்பிதழும், தங்கும் வீட்டு விலாசமும் கையில் இருப்பின் அந்தச் சொல்லுக்கு வலிமை உண்டாகும்.

மற்றது, இதனினும் பாரதூரமானது. வேலை விடயத்தை வெளியிட்டால் உள்ளே விடமாட்டார்களோ என்றஞ்சி, அப்படி ஒன்றுமே இல்லை என்று மறுப்பது. கேட்கப்படும் வினாக்கள் யாவற்றுக்கும் உண்மையாக விடையளிக்கவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டத்தின் நேரடியான கட்டளை. முக்கியமான உண்மையை மறைத்தாலோ திரித்துச் சொன்னாலோ, ஐந்து ஆண்டுகளுக்கு அந்நாட்டுக்குள் நுழையத் தகுதியற்றவராக ஒருவரை ஆக்கிவிட இயலும். இத்தடை முன்னர் இரண்டு ஆண்டுகளாக இருந்து, 2014 இல் ஐந்தாக உயர்த்தப்பட்டது. பின்னொரு நாள் வேலைக்கு வருவேன் என்ற எண்ணம், இன்று விருந்தினராக வருவதைத் தடை செய்வதில்லை. தடையில்லாத ஒன்றை மறைக்கப்போய்த் தடையைத் தாமே தேடிக்கொள்ளுதல் எத்துணை பேதைமை!

உத்தியோகத்தர் திருப்தியடைந்து கடவுச்சீட்டில் முத்திரை பதித்துவிட்டார். வேறு திகதி எதுவும் குறிக்கப்படாவிடின், விருந்தினர் ஒருவர் பொதுவாக ஆறு மாதங்கள் தங்கலாம். அக்காலத்தில் அவர் உறவினரைக் காணலாம். நயாகரா நீர்வீழ்ச்சியைப் பார்க்கலாம். அல்பேர்ட்டாவுக்கே சென்று, வேலை செய்யப்போகும் ஊரைச் சுற்றிப் பார்த்து, வீட்டு வாடகை என்ன, குளிர் எத்தகையது என்று விசாரிக்கலாம். தொழில் வழங்குநரைச் சந்தித்து உரையாடுவதும் குற்றமன்று. ஆனால், ஒருநாளேனும் அங்கே கருவியைக் கையில் எடுத்தலாகாது.

வேலை என்பதற்குக் கனடாவின் விதி தரும் பொருளை நேயர்கள் நன்கு கவனிக்கவேண்டும். சம்பளமோ தரகோ பெறும் செயல் வேலையாகும். அம்மட்டோ? சம்பளம் பெறாவிடினும், கனடா மக்களுக்குத் தொழிற்சந்தையில் நேரடிப் போட்டியாக அமையும் செயலும் வேலையே. திருமண வீட்டிலே பந்தல் கட்ட உதவுவதும், விருந்தினருக்கு உணவு பரிமாறுவதும் உறவின் கடமைகள். அவற்றைச் சட்டம் கேட்பதில்லை. ஆனால், அத்தானுடைய பலசரக்குக் கடையில் நாள்தோறும் எட்டு மணி நேரம் நின்று, “காசு வாங்கவில்லையே” என்று சொல்வது செல்லாது. அவ்விடத்திலே சம்பளத்துக்கு ஒருவரை அமர்த்தியிருக்கலாம் அல்லவா? அனுமதியின்றி வேலை செய்தவருக்கு, அந்த வேலை நிறுத்தப்பட்டு ஆறு மாதம் கழியும்வரை தொழில் அனுமதி வழங்கலாகாது என்பது பொதுவிதி. நாட்டைவிட்டு வெளியேற்றும் ஆணையும் பிறக்கலாம். செப்ரெம்பரில் கிடைக்கவிருந்த நல்வாழ்வை ஜூனில் செய்த சிறு உதவி கெடுத்துவிடக்கூடாது.

திருமணம் முடிந்தது. இனி விருந்தினர் நிலையிலிருந்து தொழிலாளர் நிலைக்கு மாறுவது எவ்வாறு? “நான்தான் உள்ளே இருக்கிறேனே, கடிதமும் இருக்கிறதே, நாளைக் காலையில் அல்பேர்ட்டாவுக்குச் சென்று வேலையைத் தொடங்கினால் என்ன?” என்று சிலர் கேட்கின்றனர். அவ்வாறு செய்ய இயலாது. அறிமுகக் கடிதம் நுழைவாயிலுக்கு எழுதப்பட்டது. நுழைவாயிலிலேதான் அது அனுமதியாக மாறும். ஆகவே அவர் நாட்டைவிட்டு வெளியேறி, மீண்டும் நுழையவேண்டும்.

முன்னாளிலே இதற்கு ஓர் எளிய வழி வழக்கிலிருந்தது. நயாகராவிலுள்ள வானவில் பாலத்தின் வழியாகவோ, மேற்கே பிரித்தானிய கொலம்பியா மாகாணத்து எல்லை வழியாகவோ ஐக்கிய அமெரிக்காவின் பக்கம் சென்று, அங்கிருந்து உடனே திரும்பி, கனடா வாயிலில் அனுமதியைக் கேட்டுப் பெறுவர். எல்லையிலுள்ள கொடிமரத்தை ஒருமுறை சுற்றி வருவதைப் போன்றது என்பதனால், இதனைக் கொடிமரம் சுற்றுதல் என்று அங்குள்ளோர் வேடிக்கையாக அழைத்தனர். 2024 டிசெம்பர் 23 இரவோடு இவ்வழி பெரும்பாலாருக்கு அடைபட்டுவிட்டது. ஐக்கிய அமெரிக்காவுக்கோ, நியூபவுண்லாந்துக்கு அருகேயுள்ள சென் பியர், மிக்கலோன் என்னும் பிரெஞ்சுத் தீவுகளுக்கோ சென்று 24 மணி நேரத்துக்குள் திரும்புவோருக்கு எல்லையில் தொழில் அனுமதி வழங்கப்படுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் குடிமக்கள், சில வர்த்தக உடன்படிக்கைகளின் கீழ் வரும் தொழில்வல்லுநர் முதலாய சிலருக்கே விலக்கு உண்டு. இவ்வாறே, நோய்ப் பரம்பலின்போது 2020 ஓகஸ்ற் மாதத்தில், உள்ளே இருந்த விருந்தினர் வெளியேறாமலே தொழில் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று தளர்த்தப்பட்ட விதியும் 2024 ஓகஸ்ற் 28 இல் முடிவுக்கு வந்தது. முன்னர் போனவர் சொல்லும் அனுபவம் அவர் போன காலத்துக்கு உண்மையாயிருக்கலாம். இன்றைக்கு அது வழிகாட்டியாகாது.

ஆகவே, நம் இளைஞருக்கு ஏற்ற வழி, ஜூலை மாதத்தில் ஊர் திரும்பி, செப்ரெம்பரில் மீண்டும் செல்வதே. இரு பயணத்துக்கும் செலவு உண்டு. அச்செலவைத் தாங்க இயலுமா என்பதை முதலிலேயே கணக்கிட்டுக்கொள்ளவேண்டும்.

இங்கே நம் நாட்டவர் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. பிரித்தானியா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளின் கடவுச்சீட்டுடையோர் கனடாவுக்கு விமானத்தில் வர மின்னணு அங்கீகாரம் ஒன்றே போதும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு வீசா வேண்டும். அந்த வீசா பலமுறை நுழைவதற்குரியதா, ஒருமுறை மட்டுமே நுழைவதற்குரியதா என்று அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். ஒருமுறை வீசாவாயின், திருமணத்துக்குச் சென்றதோடு அது தீர்ந்துவிடும். ஊர் திரும்பிய பின் வேலைக்குச் செல்ல வேறு வீசா வேண்டிவரும். தாய்மாமன் கடமையை நிறைவேற்றப் போனவர் வேலைக்குச் செல்லும் வாயிலை மூடிக்கொண்டவராவார். பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் வீசாவின் அந்த ஒரு வரியைப் படித்துப் பார்க்கவேண்டும்.

அவ்வாறாயின், ஜூனிலேயே அனுமதியைப் பெற்றுக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். அதுவும் ஒரு வழியே. ஆனால், அனுமதிப்பத்திரம் அச்சிடப்பட்ட நாளிலிருந்தே அதன் காலம் ஓடத் தொடங்கும். அவுஸ்திரேலியா போன்ற நாடுகளின் இளைஞருக்கெனக் கனடா வகுத்துள்ள பரிமாற்றத் திட்டத்திலே, 24 மாத அனுமதி பெறும் ஒருவர், முதல் மூன்று மாதங்களை ஊர் சுற்றிக் கழிக்க விரும்பின், விருந்தினராகவே நுழைந்து சுற்றிவிட்டு, வெளியேறிப் பின்னர் அனுமதியைப் பெற்றால், 24 மாதமும் முழுமையாக உழைப்பதற்கு எஞ்சும். முதல்நாளே பெற்றுவிட்டால் 21 மாதமே எஞ்சும். ஒரே தொழில் வழங்குநரோடு பிணைக்கப்பட்ட அனுமதியுடையவரோ, வேலை தொடங்கும் நாளைப் பற்றி அவரோடு கலந்து முடிவுசெய்தல் வேண்டும்.

காலத்தைச் சேமிப்பதிலும் ஓர் எல்லை உண்டு. அறிமுகக் கடிதத்திலே இறுதி நாள் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். அந்த நாளுக்குள் நுழைவாயிலில் அனுமதியைப் பெறாவிடின் கடிதம் வெறும் தாளாகிவிடும். வைத்தியப் பரிசோதனையின் முடிவும் 12 மாதங்களுக்கே செல்லுபடியாகும். கடவுச்சீட்டு முடிவடையும் திகதிக்கு அப்பால் அனுமதி வழங்கப்படுவதில்லை. ஆகவே, விரைவில் முடிவடையவிருக்கும் கடவுச்சீட்டோடு செல்பவர் தம் அனுமதியைத் தாமே குறுக்கிக்கொள்கிறார். நான் சொன்ன இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில், வைத்தியக் காப்புறுதி எத்தனை மாதத்துக்கு எடுக்கப்பட்டதோ அத்தனை மாதத்துக்கே அனுமதி எழுதப்படலாம்.

நம் நாட்டிலும் ஒரு கடமை உண்டு. 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில், வேலைக்காகப் புறப்படுவோர் பதிவு செய்துகொள்ளவேண்டும். திருமணத்துக்குச் செல்லும்போது அவர் வேலைக்குச் செல்பவரல்லர். செப்ரெம்பரில் கட்டுநாயக்காவில் விமானம் ஏறும்போது வேலைக்குச் செல்பவர். முதற் பயணத்திலே எவரும் கேட்கவில்லை என்பதனால் இரண்டாம் பயணத்திலும் கேட்கமாட்டார்கள் என்று எண்ணலாகாது.

செப்ரெம்பர் மாதம் வந்தது. இளைஞர் மீண்டும் கனடாவில் இறங்குகிறார். இம்முறை, வேலைக்காக வந்திருக்கிறேன் என்று சொல்லி, அறிமுகக் கடிதம், தொழில் வழங்குநரின் கடிதம், தம் தகைமைச் சான்றுகள் ஆகியவற்றைக் காட்டுகிறார். பத்திரம் அச்சிடப்பட்டுக் கைக்கு வருகிறது. களைப்பு மிகுதியால் அதனை மடித்துப் பையில் வைத்துவிட்டு வெளியேறிவிடுதல் வழமை. அவ்வாறு செய்யாமல், அம்மேசையை விட்டு நகருமுன் பெயர், பிறந்த திகதி, முடிவுத் திகதி, தொழில் வழங்குநரின் பெயர், நிபந்தனைகள் என்பவற்றை ஒவ்வொன்றாக வாசித்தல் வேண்டும். பிழையிருப்பின் அவ்விடத்திலே திருத்துவது சில நிமிட வேலை. வெளியே வந்தபின் பல வாரக் கடிதப் போக்குவரத்தாகும். அதன்பின் சமூகக் காப்புறுதி இலக்கம் பெறவேண்டும். தற்காலிகமாக வந்தோர்க்கு அது ஒன்பது என்னும் எண்ணில் தொடங்கும். அதுவும் கிடைத்த பின் அவர் தம் கருவிகளைத் தாராளமாகக் கையில் எடுக்கலாம்.

இதுகாறும் கூறியவற்றின் சாரம் இதுதான். ஒரு மனிதர் ஒரே சமயத்தில் இரு நிலையில் ஒரு நாட்டுக்குள் நுழைய இயலாது. கடைசியாக நுழைந்தபோது எந்த நிலையில் அனுமதிக்கப்பட்டாரோ, அதுவே அவருடைய நிலை. பெட்டிக்குள் எத்தனை கடிதம் இருப்பினும் அந்த நிலையை அவை மாற்றமாட்டா. இதனை உணர்ந்தவர் திருமணத்துக்கும் போகலாம், தொழிலுக்கும் போகலாம். இரண்டிலும் அச்சமின்றி வாயிலில் நின்று உண்மையைச் சொல்லலாம்.

உங்கள் உறவினரோ அயலவரோ இத்தகைய கடிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பயணத்துக்கு ஆயத்தமாவாராயின், அவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இம்முறை எதற்காகப் போகிறீர்? வீசா எத்தனை முறைக்கு உரியது? கடிதத்தின் இறுதி நாள் யாது? இம்மூன்றுக்கும் அவர் தடுமாறாமல் விடை கூறுவாராயின், மகிழ்ச்சியோடு வழியனுப்பி வையுங்கள்.